கைக்குட்டை அளவு வெயில்

ஆள் ஒல்லி, பெயர் குண்டு. நாலு வயதில் கன்னம் உப்பியிருந்த காலத்தில் அக்கா வைத்த பெயர் அது. கன்னம் எப்போதோ வற்றிவிட்டது, வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டது, தலையிலும் பாதி இடம் காலி. அக்கா மட்டும் பெயரை மாற்றுவதாக இல்லை. அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான் என்பதால் அவனும் மாற்றச் சொல்லவில்லை.

அவனுக்கு வேலை, இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது. கட்டப் போகிற வீட்டின் ஹாலை, யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி, கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டும். சோபா, திரைச்சீலை, கவிழ்த்து வைத்த புத்தகம், எல்லாம் இருக்க வேண்டும். சாமான்களைச் செய்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. வெளிச்சம்தான் பிராணனை வாங்கும். வெட்டவெளியில் வெயில் அதுபாட்டுக்கு விழுந்துவிட்டுப் போகும். வீட்டுக்குள் அப்படியா? ஜன்னல் வழியாக நுழைந்து, தரையில் பட்டு, அங்கிருந்து சுவருக்குத் தாவி, சீலிங்கில் முட்டி, போகிற போக்கில் சோபாத் துணியின் சிவப்பைக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கதிராகப் பின்தொடர்ந்து, எங்கே பட்டது, எங்கே திரும்பியது என்று கணக்குப் போடும். முதலில் படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளியாக இருக்கும். பிறகு புள்ளி குறைந்து குறைந்து சுவர் சுவராகும், தரை தரையாகும். இதற்குத்தான் ரெண்டர் போடுவது என்று பெயர். ஒரு ஹாலுக்கு இரண்டு மணி பத்து நிமிஷம் பிடிக்கும்.

அந்த இரண்டு மணி பத்து நிமிஷமும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. தொட்டால் முரண்டு பிடித்து நின்றுவிடும். மற்ற ஆட்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், கடைக்குப் போவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவார்கள். குண்டுக்குக் கூட்டி வர யாரும் இல்லை. கல்யாணம் என்று ஒன்று ஆகி, ஒன்றரை வருஷத்தில் ஆகாமலே போனது. அதிலிருந்து ஒற்றை அறை, ஒரு மேசை, படிக்கட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்தால் மேல்வீட்டுக்காரர்களின் கால்கள் மட்டும் தெரியும்.

மூன்று மணிக்கு ரெண்டர் போட்டுவிட்டு அவன் அக்காவுக்குப் போன் போடுவான்.

"அடுப்புல ஏத்திட்டியா?" என்பாள் அக்கா. ரெண்டர் என்ற சொல் அவள் வாயில் நுழையாது. நுழைந்தாலும் சொல்ல மாட்டாள், அவ்வளவு பிடிவாதம்.

"ஏத்தியாச்சு. வேக ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அப்போ எழுதிக்கோ. மூணு இருபதுக்குக் கட்டில் காலுக்கு வந்துடும்."

வந்துடும் என்றது வெயில். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. அக்கா இருப்பது எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரில், அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த தரைத்தள வீட்டில். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்டால், கேட்டவரின் குடும்பக் கதையை எடுத்து விடுவாள், அதனால் யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டு ஹாலில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். எதிரில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதைத் தாண்டி வருகிற பின்மதிய வெயில் ஜன்னல் கம்பிகளோடு உள்ளே விழுந்து, தரையைக் கடந்து, இரும்புக் கட்டிலில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியில் அப்பாவின் மேசைக்கு வரும். மேசை மேல் ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. அதில் பட்டதும் சீலிங்கில் ஒரு கைக்குட்டை அளவுக்கு வெளிச்சம் எகிறி விழும். சின்ன வயதில் இரண்டு பேரும் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்தால் வீட்டுப்பாடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ரெண்டர் சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க அவனுக்கு ஒரு அறை தேவைப்பட்டது. கண்ணை மூடினாலும் தெரிகிற அறையாக இருந்தால்தான் எது பொய், எது நிஜம் என்று சொல்ல முடியும். அந்த ஹாலை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டினான். கட்டிலின் துருவைக்கூட விடவில்லை. வெளிச்சம் மட்டும் சரியாக வரவில்லை. "அக்கா, மூணு மணிக்கு வெயில் எங்க விழுது?" என்று போன் போட்டுக் கேட்டான். அதற்கு முன்பெல்லாம் உறவில் யாராவது போய்ச் சேர்ந்தால்தான் பேசிக்கொள்வார்கள்.

அக்கா சும்மா சொல்கிற ஆளா? நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷக் கணக்காகச் சொன்னாள். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் அவன் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அவள் சொல்வதை அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வான். எழுதி முடித்த பிறகும் போன் அணையாது. அவள் துணி மடிப்பாள், அவன் டீ போடுவான். நடுவில் பத்து நிமிஷம் இருவரும் வாயே திறக்காமல் இருப்பதும் உண்டு. புள்ளி எல்லாம் அடங்கி அவன் படம் தெளிந்ததும், "வெந்துடுச்சு, வைக்கிறேன்" என்பான். அவளும் சரி என்பாள். இதுதான் இரண்டு பேருக்கும் நாள் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம்.

இதில் மண்ணை அள்ளிப் போட வந்தது முதலாளியின் உத்தரவு. முதலாளி குண்டை விடப் பத்து வயது சின்னவர், கெட்டவரும் இல்லை. நாற்பத்தெட்டு வீடு கொண்ட ஒரு அடுக்குமாடிக்கு மொத்தப் படமும் போட்டுக் கொடுக்கும் வேலை வந்திருந்தது.

"சார், ஒரு படத்துக்கு ரெண்டு மணி நேரம்னா அந்தக் கட்டிடத்தையே கட்டி முடிச்சிடுவாங்க. பத்து நிமிஷத்துக்குள்ள வரணும். வெளிச்சம் நிஜம் மாதிரியும் இருக்கணும். உங்களால முடியலேன்னா வேற யாராலயும் முடியாது."

கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டான் மனுஷன். யாராவது நம்மைக் கெட்டிக்காரன் என்று சொன்னால் நாம் எதை இழக்கப் போகிறோம் என்று பார்ப்பதில்லையே.

ஆறு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சோதனைக்கு அக்காவின் ஹால்தான். முதலில் கண்ணுக்குத் தெரியாத சாமான்களை எல்லாம் எடுத்தெறிந்தான்: மூடின பீரோவுக்குள் இருந்த புடவைகள், கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி. ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினான், கண்ணாடியைத் துளைத்து வருவதற்குள் கதிர் திணறும். வெளிச்சம் பன்னிரண்டு தடவை சுவருக்குச் சுவர் தாவிக்கொண்டிருந்ததை ஐந்தாகக் குறைத்தான். வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான் வரும், மற்ற இடத்தில் போய்த் தேடாதே என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தான். பளபளப்பான பொருளில் பட்டு எகிறுகிற வெளிச்சத்தை முழுசாக நிறுத்தினான், அதுதான் இருப்பதிலேயே நேரத்தைத் தின்பது. மிச்சமிருந்த புள்ளிகளைத் துடைத்தெடுக்க ஒரு புரோகிராமைப் பிடித்தான். இரண்டு மணி பத்து நிமிஷம் ஒரு மணியானது, நாற்பது நிமிஷமானது, பொசுக்கென்று ஒன்பது நிமிஷத்துக்கு வந்து நின்றது.

அன்றைக்கு அவன் பெருமையோடு போன் போட்டான்.

"ஏத்திட்டியா?"

"ஏத்தினேன். ஒன்பதே நிமிஷம்க்கா."

"அட பரவாயில்லையே," என்றாள். பிறகு அவசரமாக, "கட்டில் கால் மூணு இருபது, நாற்காலி மூணே முக்கால்..." என்று ஒப்பித்தாள். மூன்று ஒன்பதுக்குப் படம் முடிந்துவிட்டது. முடிந்ததும் கம்ப்யூட்டர் டிங் என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதை அவளும் கேட்டுவிட்டாள். "சரி, வேலையைப் பாரு," என்று அவளே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். ஒன்பது நிமிஷத்தில் என்ன பேச முடியும்? அவன் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே பேசினான். டிங் என்றதும் அடுத்த படம். அதற்கு ஒரு ஒன்பது நிமிஷம், அதற்கு இன்னொன்று. நேரத்தை இவ்வளவு மிச்சம் பிடித்தானே, அது எங்கே போனது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அத்தனையையும் வேலையே விழுங்கிவிட்டது.

அப்போதுதான் அக்கா அந்தக் கைக்குட்டையைப் பிடித்தாள்.

"உன் ஒன்பது நிமிஷப் படத்துல சீலிங்ல கைக்குட்டை விழுதா?"

அவன் பார்த்தான். விழவில்லை. எப்படி விழும்? பளபளப்பில் எகிறுகிற வெளிச்சத்தைத்தான் நிறுத்திவிட்டானே. "அதெல்லாம் சின்ன விஷயம்க்கா."

"சின்னதா? இங்க நேத்து எப்படி விழுந்துச்சு தெரியுமா? ஓரமெல்லாம் மஞ்சளா, நடுவுல கண் கூசுற மாதிரி. நாலு பத்து, டாண்ணு. அது இல்லேன்னா இந்த ஹால் எப்படி இந்த ஹாலாகும்?"

அது அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொழிலில் கர்வம் பிடித்தவனுக்கு இப்படி ஒரு வார்த்தை போதும், சோறு இறங்காது. மறுநாள் அதைப் பற்றியே கேட்டான். அவள் விவரமாகச் சொன்னாள்: எவ்வளவு அகலம், சீலிங் ஃபேனிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம் நிற்கும். பேச்சு ஒன்பது நிமிஷத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் போனது. அவன் கைக்குட்டையைக் கொண்டுவரப் போராடினான். வந்தது, ஆனால் ரெண்டர் மறுபடி இரண்டு மணி நேரத்தைத் தொட்டது. குறைத்தால் கைக்குட்டை காணோம். வைத்தால் நேரம் காணோம்.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சார், ஒன்பது நிமிஷத்துல அருமையா வந்திருக்கே. இது சரின்னு நீங்க சொன்னா நாற்பத்தெட்டையும் ஓட விட்டுடலாம். எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?"

"சரியில்லை. சீலிங்ல ஒரு வெளிச்சம் விழணும்."

"எவ்வளவு பெரிசு?"

"கைக்குட்டை அளவு."

முதலாளி பெருமூச்சு விட்டார். "வீடு வாங்க வர்றவன் சீலிங்கைப் பார்த்துட்டா நிக்கப் போறான்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா வேலையை வெளியில கொடுத்துடுவேன். எனக்கு வேற வழி இல்லை சார். அப்புறம் உங்களுக்கும் இங்க என்ன வேலைன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அன்று திங்கள்கிழமை. வேலை கையை விட்டுப் போகிற நிலைமை. குண்டு ஒற்றைக்காலில் நின்றான். எரிச்சலை யார்மேல் காட்டினான்? வேறு யார் இருக்கிறார்கள், அக்காமேல்தான்.

"உன் கைக்குட்டையால என் பொழப்பே போகப் போகுது."

"நானா போகச் சொன்னேன்? இருக்கிறதைச் சொல்றேன்."

"டெய்லி இதையே சொல்லி உயிரை எடுக்காத. எனக்கு வேலை இருக்கு," என்று வைத்துவிட்டான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வெந்துடுச்சு என்று சொல்லாமல் வைத்தான்.

வைத்த பிறகுதான் நோட்டை எடுத்தான். கைக்குட்டை எந்த மாதத்தில் சீலிங்கில் எங்கே விழுகிறது என்று வருஷம் முழுக்கப் பார்த்துவிட்டால், ஏதாவது குறுக்குவழி கிடைக்கும் என்று கணக்கு. சூரியன் ஒரே இடத்தில் மறைகிறதா என்ன? ஜூனில் வடக்கே ஒதுங்கும், டிசம்பரில் தெற்கே. கம்ப்யூட்டரில் தேதியை மாற்றினால் போதும், ஜூனில் கட்டில் காலில் விழுகிற வெயில் டிசம்பரில் ஒன்றரை முழம் நகர்ந்து பீரோப் பக்கம் போய்விடும். மேசையைத் தொடுகிற நேரமும் மாறும். பழைய நோட்டுகளில் அது அப்படியே இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல அவன் எழுதின நேரங்கள் வாரத்துக்கு வாரம் நிமிஷம் நிமிஷமாக நகர்ந்திருந்தன. முப்பது வருஷம் எழுத்துப் பிழை விடாத டைப்பிஸ்டின் கண் அது.

கடைசி நோட்டுக்கு வந்தான். கட்டில் கால் 3.20. நாற்காலி 3.45. சீலிங் 4.10. மறுநாள் 3.20, 3.45, 4.10. ஜூனில் 3.20. டிசம்பரிலும் 3.20. பக்கத்தைப் புரட்டினான், பின்னால் போனான், முன்னால் வந்தான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் சூரியன் நகரவே இல்லை.

அக்காவுக்குக் கண் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தான். பார்வை மங்கிப்போய், பழைய ஞாபகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தனியாக அந்த வீட்டில், அடுப்பையும் படியையும் தடவித் தடவி. இரண்டு வருஷமாக அவள் சொன்னதை எல்லாம் தன் கையாலேயே எழுதியிருக்கிறான். ஒரு நாளாவது எழுதினதைப் படித்தானா? ஒரு காதால் கேட்டு, ஒரு கையால் கிறுக்கி, மிச்ச உடம்பு முழுவதும் திரையில் இருந்திருக்கிறது. நேரில் போய் நாலு வருஷமாகிவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்பாள். விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினான்.

தெரு முனையில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். தெருவில் நடந்து, வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால், தகரப் பட்டறையைக் காணோம். அந்த இடத்தில் ஆறு மாடிக்கு ஒரு கட்டிடம் நெட்டையாக நின்றது. பால்கனிகளில் துணி காய்ந்தது. தெருவின் இந்தப் பக்கம் மொத்தமும் அதன் நிழலுக்குள் கிடந்தது, அக்காவின் ஜன்னலும் அதில் ஒன்று.

கதவைத் தட்டினான். திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை.

"என்னடா குண்டு, வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா? சட்டையில பட்டன் தப்பாப் போட்டிருக்க."

உள்ளே போனான். மத்தியான நேரத்தில் ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கட்டில், நாற்காலி, மேசை, கண்ணாடிப் பலகை எல்லாம் அவன் செய்து வைத்த இடத்திலேயே இருந்தன. வெயில் மட்டும் இல்லை. சீலிங்கில் டியூப்லைட்டின் வெள்ளை தவிர வேறு ஒன்றும் இல்லை. இந்த ஹாலை அவன் பத்தாயிரம் தடவை ரெண்டர் போட்டிருப்பான், ஒரு தடவைகூட இப்படிப் போட்டதில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் அவளுடைய போன் இருந்தது, அதற்குக் கீழே ஒரு காகிதம். எடுத்தான். டைப் அடித்த காகிதம், மடித்து மடித்து மடிப்புக் கிழியும் நிலையில் இருந்தது. மேலே ஒரு தேதி. கீழே, கட்டில் கால் 3.20, நாற்காலி 3.45, சீலிங் 4.10. ஓரம் மஞ்சள். நடுவில் கண் கூசும். ஃபேனிலிருந்து இரண்டு சாண்.

"அது பழசு," என்று வாங்கப் பார்த்தாள் அக்கா. அவன் கொடுக்கவில்லை.

"எப்போ கட்டினாங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." மென்று விழுங்கினாள். "ரெண்டாவது மாடி எழும்பும்போதே தெரிஞ்சு போச்சு, இனிமே வராதுன்னு. கடைசியா நல்லா வந்த ஒரு நாள்ல உக்காந்து எல்லாத்தையும் அடிச்சு வெச்சேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லிட்டா?" என்றாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் முகம் வயதாகித் தெரிந்தது. "வெயில் எங்க விழுதுன்னு கேக்கத்தானே நீ கூப்பிடுற. வெயிலே இல்லேன்னா எதுக்குக் கூப்பிடுவ?"

அப்படி இல்லை என்று சொல்லிவிடலாம், யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்னது அப்பட்டமான நிஜம். இந்த ஒன்பது வருஷத்தில் அவன் ஒரு நாளாவது படம் ஓடாத நேரத்தில் கூப்பிட்டிருக்கிறானா?

"ஒன்பது நிமிஷம்னு நீ சொன்னப்புறம் கட்டில் கால், நாற்காலி எதைச் சொன்னாலும் உம்முன்னு கேட்டுட்டு வெச்சுட்ட," என்றாள். "கைக்குட்டையைச் சொன்னப்போ மட்டும் நின்னு கேட்ட. அதான் அதையே பிடிச்சுக்கிட்டேன். உன் வேலைக்கு ஆபத்து வரும்னு எனக்குத் தெரியாதுடா. நேத்து நீ கத்தினதும் நான் பயந்துட்டேன்."

அவனுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்க ஜன்னலருகே போய் நின்றான். எதிர்க்கட்டிடத்தில் ஒரு பால்கனியில் யாரோ கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்தாள். மணி மூன்று அடித்தது. இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் போனைப் பார்த்தார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று இருவருக்குமே பிடிபடவில்லை.

"என்கூட வந்துடேன்க்கா."

"உன் ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"படிக்கட்டைப் பார்த்து."

"நல்லாயிருக்கு. இங்கயாவது எதிர்வீட்டுத் துணியெல்லாம் தெரியுது." சிரித்தாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், அவள் மசியவில்லை. இந்த வீட்டை விட்டு எங்கே வருவாள்? அவனுக்கும் அது தெரியும்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டான். "ஒன்பது நிமிஷமே சரிதான். ஓட விட்டுடலாம்."

"அந்தக் கைக்குட்டை என்ன ஆச்சு சார்?"

"அது இப்போ விழறதில்லை," என்றான் குண்டு. முதலாளிக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் தலைவலி விட்டது என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் காலை அக்கா தெரு முனை வரைக்கும் வந்தாள். பஸ் வந்ததும், "போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்லு," என்றாள். சேர்ந்ததும் சொன்னான். அது அரை நிமிஷப் பேச்சு.

பிறகு நாற்பத்தெட்டு வீடும் ஓட ஆரம்பித்தது. டிங், டிங் என்று படங்கள் வரிசையாக விழுந்தன. எல்லாமே அழகாக இருந்தன, யாரும் சீலிங்கைப் பார்க்கவில்லை. முதல் நாள் மூன்று மணிக்கு அவன் கை போனுக்குப் போய்த் திரும்பியது. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? வெயிலைக் கேட்க முடியாது, ரெண்டரைச் சொல்ல முடியாது. இரண்டாம் நாளும் அப்படியே போனது. அவளாகக் கூப்பிட மாட்டாள். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை, தம்பி வேலையாக இருப்பான் என்று. உடம்பு சரியில்லாமல் போனாலும் மூன்று மணி வரைக்கும் வைத்திருந்துதான் சொல்லுவாள்.

மூன்றாம் நாள் இரண்டே முக்காலுக்கு அவன் எல்லாப் படத்தையும் நிறுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்தான். மின்விசிறிச் சத்தம் ஓய்ந்ததும் அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. மாடிப்படியில் யாரோ செருப்புக் காலோடு ஏறிப் போனார்கள். போன் போட்டான்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "ஏத்திட்டியா?"

"இல்லைக்கா. ஏத்தல."

"எத்தனை நிமிஷம் இருக்கு?"

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஹால் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. "அப்போ எதுக்குடா கூப்பிட்ட?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா." ஒன்பது வருஷத்தில் அவளிடம் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டான். "நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்," என்றாள் அக்கா.